கோட்டை விடுதியின் செப்புக் குவளை

அபுதாபியில் இருபதாண்டு வாழ்ந்த என்னைக் கெடுத்தது செல்வமன்று. கழிப்பறைச் சுவரில் தொங்கும் தண்ணீர்க் குழாய். முசஃபா தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறையில்கூட அது உண்டு. ஆகவே, ஆஸ்திரிய மலைச்சரிவில் பழங்கோட்டை விடுதியொன்றில் முதன்முறை தங்கியபோது, காகிதச் சுருள் மட்டுமே துணையென்று கண்டு திகைத்தேன். அறைக்கு வெளியே, நடைக்கூடத்து மாடத்தில், கைப்பிடியும் மூக்கும் வைத்த செப்புக் குவளையொன்று இருந்தது. நம்மவர் வருவாரென்று எண்ணி வைத்த பரிவு இதுவென நெகிழ்ந்து, நான்கு நாள் அதனைப் பயன்கொண்டேன். புறப்படும் நாளில்தான் மாடத்தடியில் ஜெர்மன் எழுத்துப் பலகையைக் கண்டேன். கைப்பேசி மொழிபெயர்த்துத் தந்தது: கோட்டைத் தலைவனின் விருந்துக் குவளை. துலக்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மனைவியிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினேன்.

சென்ற கோடையில் அவள் அதே கோட்டைக்கு மீண்டும் போகவேண்டுமென்றாள். தன் தந்தையையும் அழைத்துக்கொண்டாள். என் மாமனார் பிறர் வாய்வைத்த பாத்திரத்தைத் தொடாதவர். எதையும் அண்ணாந்தே குடிப்பவர். எனக்கென ஒரு நெகிழிக் குவளையை மறவாமல் பெட்டியில் வைத்தேன்.

நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். மாடத்தில் குவளை பளபளத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாலை விருந்தில், மீண்டும் வந்தவர்களைச் சிறப்பிக்க, மேலாளர் அம்மையார் அதையே ஏந்தி வந்து, மூவர் கோப்பையிலும் ஊற்றுநீரை வார்த்துவிட்டுப் புன்னகையோடு நின்றார். நன்றாகக் கழுவியிருப்பார்கள்; ஐயமில்லை. ஆயினும், சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் மாமனாரின் ஆசாரம் போகும்.

அவர் குவளையை உற்றுநோக்கினார். "ஏம்மா, இது நம்ம ரூம் வாசல்ல இருந்த செம்புதானே?"

"ஆமாப்பா. எவ்ளோ அழகா இருக்கு பாருங்க!" என்று மனைவி கோப்பையை உயர்த்தினாள்.

"குடிக்காதே!"

இரண்டு குரல்கள் ஒருசேர எழுந்தன. ஒன்று என்னுடையது.

"என்னாச்சு ரெண்டு பேருக்கும்?"

"உனக்குச் சளி பிடிக்கும்மா" என்றார் மாமனார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "மாப்பிள்ளை, மத்தியானம் ஒரு அவசரம்... பாத்ரூம்ல மக்கு இல்லை. அதான் எடுத்தேன். நீங்க ஏன் கத்துனீங்க?" என்றார்.

"போன தடவை, மாமா. நாலு நாள்."

"நாலு நாளா!" அவர் முகம் தெளிந்தது. "நான் ஒரே ஒரு தடவைதான்."

அம்மையார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஏகாதசி, பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாதுன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை. மூணு பேருக்கும்."

ஆங்கிலத்தில் பணிவுடன் எடுத்துரைத்தேன். அம்மையார் கைகூப்பித் தலைதாழ்த்தினார். பிறகு, மூன்று கோப்பைகளை மட்டுமன்று, எங்களுக்காக அப்போதுதான் ஆவி பறக்க வந்துகொண்டிருந்த காளான் சாற்றையும் வெண்ணெய் மணக்கும் உருளைக்கிழங்கையும் கதவருகிலேயே நிறுத்தி, மிகுந்த மரியாதையோடு திருப்பியனுப்பினார்.