மோவாயைத் தொட்ட கணக்கு

கல்லூரியில் அவருக்குப் பட்டப்பெயர் பரவல் சார். தண்ணீரில் விழுந்த மைத்துளி எப்படிப் பரவும், சிறுத்தையின் தோலில் புள்ளி எப்படி விழும், எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் ஆசாமி. தோலுக்குள் ஒரு ரசாயனம் நிறத்தைத் தூண்டிவிடும், இன்னொன்று அதைவிட வேகமாக ஓடி அடக்கும், அந்த இழுபறியில்தான் புள்ளி பிறக்கிறது என்பார். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது, மகளின் முகத்தில் வெண்புள்ளி வரும்வரை.

அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கண்ணாடிக்குள்ளிருந்து கையை நீட்டினால் சிலர் விரல் படாமல் டிக்கெட்டை உருவிக்கொள்வார்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்ன மேனேஜரிடம், "முதல்ல உங்க வாய்க்கு ஒண்ணு போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தவள்.

அந்த ஜனங்களையாவது திட்டலாம். வீட்டில் அப்பா அல்லவா பேனாவோடு காத்திருந்தார்! ஞாயிற்றுக்கிழமை வந்தால் புள்ளியின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, ஒரு போட்டோ, பிறகு அது அடுத்து எதுவரை பரவும் என்று கம்ப்யூட்டரில் இன்னொரு கோடு. அதனால் வைத்தியத்துக்கு நயா பைசா பயனில்லை, டாக்டர் கேட்கவும் இல்லை. அப்பாவுக்கு அதில் ஏதோ ஆறுதல் போல என்று அவள் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். பாவம் பார்த்தது தப்பாகப் போயிற்று.

ஒரு ஞாயிறு, கன்னத்துப் புள்ளி மோவாயைத் தொட்டிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொடையில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியாம்மா! நான் போட்ட கோட்டுலயே வந்து நிக்குது! ஒரு நூல் பிசகல!"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ரொம்ப சந்தோஷமாப்பா?"

"பின்ன? எவ்வளவு உழைப்பு தெரியுமா! அடுத்தது உதடு. அதையும்..."

பேனாவைப் பிடுங்கினாள். அவர் சுதாரிப்பதற்குள் அவர் வழுக்கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இது எப்ப காதுக்கு வரும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க, நானும் கைதட்டுறேன்!"

"உனக்காகத்தானேம்மா பண்றேன்..."

"எனக்காகவா? பரவக் கூடாதுன்னு நான் தினம் வேண்டிக்கிட்டுக் கிடக்கேன். உங்க கணக்கு தப்பாப் போகணும்னு ஒரு நாளாவது நினைச்சிருக்கீங்களா?"

அவர் திரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். இல்லையென்று தலையாட்டினார். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத மனுஷர். அன்றைக்கு ஒன்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.