ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத வார்த்தை

எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்ட முடியாது. தெருமுனைக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்"தான். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது மட்டும் அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் திரும்ப அங்கேயே வர நேரும் என்பார்கள். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் அம்மா அதைச் சொல்லிவிட்டாள்.

சர்க்கரை ஏறி, காலில் புண் வைத்து, துறையூரிலிருந்து அண்ணன் அவளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து நான் தினமும் போய்வந்தேன். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு அம்மா கையோடு எடுத்து வந்திருந்தாள். நர்ஸ் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் இங்க வேணாம், வீட்டுக்குக் குடுத்து அனுப்பிடுங்க" என்றாள். பை துறையூருக்கே திரும்பிப் போனது.

டிஸ்சார்ஜ் ஆன நாளை நான் இன்னும் மறக்கவில்லை. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவர் கதவைத் தாண்டுவதற்குள் அம்மா அவர்களுக்கு வேண்டாத ஆளாகிவிட்டாள். மதியச் சாப்பாடு வரவில்லை. கேட்டால், "அதான் டிஸ்சார்ஜ் போட்டாச்சேங்க" என்றார்கள். நான் கேன்டீனில் இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு போனார்கள். கட்டுப் போட்ட காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வெறும் ரெக்ஸின் மெத்தையில் அவள் உட்கார்ந்திருக்க, அவள் காலடியிலேயே பினாயில் ஊற்றித் துடைத்தார்கள். அடுத்து வரப்போகிறவருக்காக. கொஞ்சம் விட்டிருந்தால் அவளையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள். பொழுது சாயும்வரை அந்த நாற்றத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நான் கீழே பில் கவுண்டர் வரிசையில் நின்றபோது, நர்ஸ் புது மாத்திரைகளை அண்ணன் கையில் திணித்து, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போனாளாம். அண்ணன் காதில் போன். கார் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். விழுங்கப்போகிறவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சக்கர நாற்காலியில் லிஃப்டை நோக்கிப் போகும்போது அம்மா நர்ஸ்களைப் பார்த்துக் கும்பிட்டு, "போயிட்டு வரேன்ம்மா" என்றாள். அப்பாவின் தங்கை, துறையூர் வீட்டிலேயே இருக்கும் அத்தை, தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன அண்ணி, இங்க வந்து இதைச் சொல்றீங்களே." அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ்கள் சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா ஒரு வேளை தவறாமல் புது மாத்திரைகளை விழுங்கினாள். மஞ்சள் பையில் இருந்த பழைய மாத்திரைகளையும் விழுங்கினாள். அவற்றை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. சர்க்கரைக்கான பழைய மாத்திரையிலும் புது மாத்திரையிலும் இருந்தது ஒரே மருந்து. கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு, அவ்வளவுதான். வாரம் முடிவதற்குள் ஒரு காலையில், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, சேலை நனைய வேர்த்து, பேச்சுக் குழறி, அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். திருச்சி வரும்வரை அண்ணன் காரில் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தானாம்.

அதே ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏறி அம்மா கண் திறந்ததும் டாக்டர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "புதுசு எழுதிக் குடுத்தா பழசை விடணும்னு தெரியாதாங்க? படிச்சவர்தானே நீங்க?" அண்ணன் வெளியே வந்து அத்தையிடம் எரிந்து விழுந்தான். "வீட்டுலயே இருந்து என்னத்தைப் பாத்தீங்க?" அத்தை நேரே அம்மாவின் கட்டிலுக்குப் போனாள். "அன்னைக்கே சொன்னேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா வந்திருக்கலாம்ல அண்ணி?"

பழி, மாடிப்படியில் கை தவறிய பாத்திரம்போல உருண்டு உருண்டு, கடைசியில் படுத்திருந்தவள் மேல் வந்து நின்றது. அம்மா அதை வாங்கிக்கொண்டாள். "ஆமா, நான்தான் சொல்லித் தொலைச்சுட்டேன்" என்றாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. டாக்டர், அண்ணன், அத்தை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுபடி டிஸ்சார்ஜ் என்றபோது அந்த மஞ்சள் பையைத் துறையூரிலிருந்து வரவழைத்து நர்ஸின் மேஜைமேல் கவிழ்த்தேன். "இதுல எது வேணும், எது வேணாம்? எங்கம்மாகிட்டயே சொல்லுங்க. அவங்க திருப்பிச் சொன்னப்புறம்தான் கிளம்புவோம்" என்றேன். நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் பிரித்துப் போட்டாள். வேண்டாத அட்டைகள் குப்பைக்கூடைக்குப் போயின. மீதியை அம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காலையா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தப்பில்லாமல் சொன்னாள். ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவளைச் சாகக் கொடுக்கப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது அம்மா வாய் திறக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். அத்தைக்கு ரொம்பத் திருப்தி.

இப்போது புண் ஆறிவிட்டது, சர்க்கரையும் அடங்கியிருக்கிறது. மாத்திரைதான் காரணம் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுவாள்.

போன மாதம் என் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டினாள், பையை எடுத்தாள், என் கன்னத்தைத் தொட்டாள், படி இறங்கத் தொடங்கினாள்.

"என்னம்மா, ஒண்ணும் சொல்லாமப் போறே? போயிட்டு வரேன்னு சொல்லு."

கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம்டி. என் வாய் நல்ல வாய் இல்லை."