பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கத்திய பெட்டி

ஒக்கூர் கருப்பையா ஆசாரிக்கு மூன்றாவது மகள் பிச்சையம்மாள். காரைக்குடி செக்காலையில் பொன்வேலை செய்யும் அரசப்பன் ஆசாரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அரசப்பனுக்கு மூத்தவர் சொக்கலிங்கம். அவர் சம்சாரம் அழகம்மாள் பிச்சையம்மாளுக்குப் பெரியம்மா மகள். ஆகவே பிறந்த வழியில் பார்த்தாலும் புகுந்த வழியில் பார்த்தாலும் அக்காதான். அண்ணன் தம்பிக்கு ஒரே வீடு, ஒரே பட்டறை.

அறுபத்துமூன்றில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். பதினாலு காரட்டில் இந்தப் பக்கம் யார் தாலி செய்யச் சொல்வார்கள்? உலை அணைந்து கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் வேலையில்லாத பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட சொக்கலிங்கம் உயிரோடு வெளியே வரவில்லை. பொன்வேலை செய்கிற வீட்டில் விஷத்துக்கா பஞ்சம்?

அழகம்மாள் அழுது முடித்து எழுந்துவிட்டாள். பிச்சையம்மாளைப் பிடித்த பயம்தான் போகவில்லை. சட்டம் பிறகு தளர்ந்தது, உலையும் எரிந்தது. ஆனாலும் புருஷன் பட்டறைக் கதவைச் சாத்தினால் இவள் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டுவாள். திராவகச் சீசாக்களைப் பட்டறை அலமாரியில் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அரசப்பன் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டும்போது "சாவி" என்பார். இவள் கூடவே போய் நிற்பாள்.

எழுபத்தொன்பதில் வேலை மறுபடி மெலிந்தது. கானாடுகாத்தான் சிகப்பி ஆச்சி வீடு ஒன்றைத்தான் நம்பியிருந்தார்கள். பேத்தி கல்யாணத்துக்குக் கழுத்திரு செய்யும் வேலையைத் தருவதாக ஆச்சி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். செட்டி வீட்டு மணப்பெண்ணுக்குக் கட்டுகிற பெரிய தாலி மாலை அது. அது வந்தால் அந்த வருஷம் அடுப்பு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஆச்சியின் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். அவள் பிள்ளை கையில் பிடித்து விளையாடுகிற பெட்டி ஒன்று பேசாமல் போய்விட்டது. வெற்றிலைப்பெட்டி அளவுதான் இருக்கும். பொத்தானை அமுக்கினால் சிவப்புப் புள்ளிகள் ஓடும், கீச்கீச்சென்று சத்தம் போடும். உள்ளே பேட்டரிக்குப் போகிற ஒயர் விட்டுப்போயிருந்தது. அன்றைக்கே மகள் ஊருக்குப் புறப்படும்போது வழியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஆச்சி கார் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அரசப்பன் பிரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, புள்ளி ஓடுவதைப் பார்த்து மூடி வைத்துவிட்டுக் கரி வாங்கப் போனார்.

அவர் போனதும் பிச்சையம்மாள் அதைக் கையில் எடுத்தாள். பொத்தான் இடுக்கெல்லாம் மாம்பழப் பிசுக்கு, விரல் அழுக்கு. தட்டான் வீட்டுக்கு வந்த பொருள் எதுவும் கழுவாமல் திரும்பிப் போகாது. நகையைப் பூந்திக்கொட்டை ஊறி நுரைத்த தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது அந்த வீட்டுப் பெண்களின் வேலை. கை பழக்கத்தில் போனது. பெட்டியைக் கிண்ணத்தில் முக்கினாள்.

பெட்டி கத்தியது. ஒரே மூச்சாகக் கீச்சென்று நீளமாகக் கத்தி, சிவப்பாக ஒரு தடவை எரிந்து அடங்கியது.

கொல்லையிலிருந்து அழகம்மாள் ஓடிவந்தாள். "அடியே, என்னத்தடி தண்ணியில அமுக்குற? எலிக்குஞ்சா?"

"அக்கா, ஆச்சி வீட்டுப் பெட்டிக்கா."

"செத்துப்போச்சா?"

"அந்த வார்த்தையச் சொல்லாதீகக்கா!" பிச்சையம்மாளுக்கு உதடு வெளுத்துவிட்டது. கழுத்திரு போகும். உலை அணையும். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதை அழகம்மாளிடம் எப்படிச் சொல்வாள்?

அழகம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குள் போய்ச் சின்னத் திருப்புளியை எடுத்துவந்தாள். "நீ பெட்டிக்குப் பயப்படல, எனக்குத் தெரியும். பிடி. அழுதா காயாது."

இருவரும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பிரித்தார்கள். கழற்றிய திருகாணிகளை அழகம்மாள் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். உள்ளே பச்சைத் தகட்டில் வெள்ளிக்கம்பி இழுத்ததுபோலக் கோடுகள், அதன்மேல் நுரை. பிச்சையம்மாள் பேட்டரியைப் பிடுங்கி வைத்தாள். நகை தேய்க்கிற பிரஷ்ஷால் நுரையை நோகாமல் துடைத்தாள். புருஷனின் ஊதுகுழலை வாயில் வைத்து இடுக்கு இடுக்காக ஊதினாள்.

"ஊது, நல்லா ஊது," என்றாள் அழகம்மாள். "வந்த புதுசுல அடுப்ப இப்படி ஊதியிருந்தா நம்ம மாமியா வாயில விழுந்திருக்க மாட்ட."

பிச்சையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. காது தெருவிலேயே இருந்தது, கார் வருகிறதா, அவர் வருகிறாரா என்று.

அவர்தான் முதலில் வந்தார். கரிமூட்டையோடு நின்று, பெண்கள் மடியில் பெட்டி பிரிந்து கிடந்ததைப் பார்த்தார்.

"கழுவிட்டேங்க," என்றாள்.

அரசப்பன் மூட்டையை இறக்கினார். தகட்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "சாவி."

அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு?"

"ஸ்பிரிட்டு எடுக்கணும். இந்தப் பசை தண்ணியில போகாது."

"நான் எடுத்தாரேன். நீங்க இங்குட்டு உக்காருங்க. அக்கா பக்கத்துலயே உக்காருங்க."

அரசப்பன் அவளையே பார்த்தார். பிறகு சொன்ன இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் சீசாவை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் துணியில் நனைத்துத் துடைத்தார், காயவைத்தார், பேட்டரியை வைத்து மூடினார். பொத்தானை அமுக்கியதும் இரண்டு சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. புள்ளிகள் கொஞ்சம் ஓடிச் சட்டென்று அணைந்தன. அதன்பிறகு எத்தனை முறை அமுக்கியும் வரவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. ஆச்சியும் மகளும் இறங்கினார்கள்.

"ஆச்சி, கழுவப்போயிக் கெடுத்துப்புட்டேன். என் புத்திதான்," என்று அரசப்பன் முந்திக்கொண்டார்.

"அவுக இல்ல ஆச்சி, நான்," என்றாள் பிச்சையம்மாள்.

ஆச்சியின் மகள் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள், ஒரு புள்ளியும் ஓடவில்லை. "இது என்ன சோத்துப் பானையா, கழுவிக் குடுக்க? ஆத்தா, இந்த ஆசாரிகிட்டயா கழுத்திரு குடுக்கப் போறீக?"

ஆச்சி பெட்டியை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சரி அரசப்பா, பாப்போம்," என்று காரில் ஏறிக்கொண்டார். ஆச்சி 'பாப்போம்' என்றால் என்ன என்று செக்காலைத் தட்டார்கள் எல்லாருக்கும் தெரியும்.

கார்ப் புழுதி அடங்குவதற்குள் அரசப்பன் திரும்பி நடந்தார். பட்டறைக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பிச்சையம்மாள் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். அலமாரியிலிருந்து எடுத்த ஸ்பிரிட் சீசா? முற்றத்தில்தான் இருந்தது. அலமாரி? பூட்டினாளா? முந்தானையைத் தடவினாள். முடிச்சு காலி, சாவி அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அவள் கத்துவதற்குள் அழகம்மாள் பாய்ந்து போய்க் கதவைக் காலால் எட்டி உதைத்தாள்.

அரசப்பன் கரிக்குழியின் முன் குனிந்து கரியைக் கொட்டிக்கொண்டிருந்தார். கை, முகமெல்லாம் கரி.

"என்ன மதினி, கதவ ஒடைக்கிறீக? கரித்தூசி வீட்டுக்குள்ள பறக்கும்னுதான் சாத்துனேன்." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அலமாரியில் தொங்கிய சாவியையும் பார்த்தார். எழுந்து அதை உருவிப் பிச்சையம்மாள் கையில் வைத்தார். "பசிக்குது. சோறு போடு."

இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

"ஊத்துடி," என்றாள் அழகம்மாள். "சிங்கப்பூர்ப் பெட்டிய முழுங்கின வீடு, ரசத்துலயா குறைச்சுக்கப் போகுது?"

அரசப்பனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். பிச்சையம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு அலறி அவர் தோளைப் பிடித்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் மட்டும் பிடித்த கையை எடுக்கவே இல்லை. இலை காலியாகிற வரைக்கும்.