அம்மா நீட்டிய கை

"கொக்கு பாக்கறதுக்கு ஒரு கேம்பாடி? என் மீன் கூடையாண்ட வந்து நில்லு, பத்து கொக்கு காட்றேன்" என்றாள் அம்மா. ஆனாலும் நான் சின்னப் பெண்ணாக இருந்த அந்தக் கோடை விடுமுறையில் பள்ளியின் இயற்கை முகாமுக்கு என்னை அனுப்பிவிட்டாள்.

இன்று காலை சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு மீன்கொத்தி கத்தியதும் முகாமின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது.

என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா, மீன் வாடை அடிக்குமென்று தள்ளியே நின்றாள். நான் முகாமில் கொடுத்திருந்த தொலைநோக்கியைக் கொண்டுபோய் அவள் கண்ணில் வைத்தேன். ஏரியின் எதிர்க்கரைக் கம்பியில் ஒரு மீன்கொத்தி இருந்தது. அம்மா சட்டென்று கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள்.

"தொட்டுட்லாம் போல கீதேடி!"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விரலில் ஒட்டியிருந்த செதில் வெயிலில் மின்னியது.

"இன்னொரு வாட்டி பாக்கணும்டி" என்றாள் வழியில்.

"நான் வேலைக்குப் போய் வாங்கித் தரேம்மா."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். சொன்னதைச் செய்யும் திமிர் எனக்கு உண்டு. முதல் சம்பளத்தில் தொலைநோக்கி வாங்கினேன். அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

இன்று வீட்டுக்கு ஓடிப்போய் அதைப் பிரித்து எடுத்து வந்தேன். மீன்கொத்தி கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. என் கை தானாக நீண்டது. வெறும் காற்று.

அங்கிருந்தே என் பழைய பள்ளிக்குப் போன் செய்தேன். இந்த விடுமுறை முகாமுக்கு நானும் வருகிறேன், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களையும் உள்ளே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.