எல்லையோர வாசற்படி

செக் நாட்டின் எல்லையோரச் சிற்றூர். மூன்று பக்கமும் மலை, நடுவே ஓடை. வீடு என்று ஒன்றுகூட இல்லை. உலகப்போர் முடிந்ததும் இங்கிருந்த ஜெர்மன்காரர்களைத் துரத்திவிட்டு, பிற்பாடு வீடுகளையும் இடித்துவிட்டார்களாம். அவர்கள் வைத்த ஆப்பிள் மரங்கள் மட்டும் வரிசையாகக் காய்த்து நிற்கின்றன.

சிறுமியாகத் துரத்தப்பட்ட ஒரு மூதாட்டி இன்று ஊர் பார்க்க வந்திருக்கிறார். புல்லுக்குள் கிடக்கும் கல்படியைக் காட்டி ஏதோ சொல்கிறார்.

"இதான் அவங்க ஊடாம்" என்கிறான், ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் நண்பன், நூம்பல் செல்வம். சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றுகிறான்.

"ஊடே இல்லியே, இன்னாத்துக்குடா கயட்டுற?"

"வாசப்படி கீதே மாமே. நூம்பல்ல எங்க ஊட்ட இடிச்சப்ப இதுகூட மிஞ்சல."

மூதாட்டி அவனுடைய வெறுங்காலையே பார்க்கிறார். பிறகு, இல்லாத கதவைக் கையால் தள்ளித் திறந்து, எங்களை உள்ளே அழைக்கிறார்.