அலமாரிக் கதவில் எழுதிய விலாசம்

மரத்துக்கு மெருகு போடும் கொம்பரக்கு சாராயத்தில் ஊறும் வாசனை உங்களில் யாருக்காவது தெரியுமா? மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்...

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. விரல் நடுங்குவதால் பேத்தி ஃபோனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். புதுச்சேரிப் பக்கம் ஒதியம்பட்டில் எங்கள் வீடு. அப்பா சைகோனுக்குக் கப்பலேறி, அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். வந்தது ஒரே ஒரு கடிதம். 'தை மாசம் வந்துடுவேன்' என்று எழுதியிருந்தார். உறையின் மேல் பிரெஞ்சில் அவர் விலாசம்.

அதைப் படித்துக் காட்டிய வாத்தியாரிடம் அம்மா சொன்னாள்: "காயிதம்னா கரையான் தின்னுடும் வாத்தியாரே. வெலாசத்த இந்தக் கதவுலயே எழுதிடுங்க."

முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த தேக்கு அலமாரி அது. புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் தன் ஊருக்குத் திரும்பும்போது விற்க, அப்பா வாங்கியது. கதவின் உள்பக்கம் வாத்தியார் பென்சிலை எச்சில் தொட்டு எழுதினார். ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் பென்சில்... அந்த வருஷ மழையிலேயே கடிதத்தை உறையோடு கரையான் தின்றுவிட்டது. அம்மா சொன்னபடியே நடந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அதே மழை ஈரத்தில் அலமாரியின் பூச்சு வெளுத்துப் போயிற்று. அப்பா வருவதற்குள் அதைப் புதுசாக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். ஆசாரி வந்து எனக்குக் கற்றுக்கொடுத்தார். உடைந்த கண்ணாடிச் சில்லால் பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அரக்கைத் தொட்டுத் தொட்டுப் பூச வேண்டும்.

கிளம்பும்போது, "உள்ள எழுத்து கீதே, அதும்மேல அரக்கு கிரக்கு பட்டுடப்போவுது பாப்பா" என்றார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய புத்திசாலி என்று நினைப்பு. அரிசிக் கஞ்சியில் பசை காய்ச்சி, மளிகைப் பொட்டலத் தாளை அந்த எழுத்தின்மேல் சுருக்கம் இல்லாமல் ஒட்டிவிட்டேன். பத்து நாள் தேய்த்தேன், பூசினேன். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

பிறகு தாளை உரித்தேன்.

கதவெல்லாம் ஊதா. தாளிலும் ஊதா. பசையின் ஈரத்தில் எழுத்து ஊறி, பரவி, இடம் வலமாகத் திரும்பித் தாளில் இறங்கியிருந்தது. நான் அலறிய அலறலில் அம்மா வயலிலிருந்து ஓடி வந்தாள்.

வாத்தியாரைக் கூட்டிவந்தோம். அதே அலமாரிக் கண்ணாடியில் தாளைக் காட்டி உற்று உற்றுப் பார்த்தார்.

"பேரு தெரியுதும்மா. கடைசில சைகோன்னு தெரியுது. நடுவுல இருந்த தெருவும் நம்பரும்தான்..."

"உங்களுக்கு ஞாபகம் இல்லியா?"

"எத்தினி வூட்டு வெலாசம் எழுதறேன்... இன்னாத்த ஞாபகம் வெக்கிறது?"

பேரும் ஊரும்! அது எங்களுக்கே தெரியுமே.

தை வந்தது, அப்பா வரவில்லை. உலகச் சண்டை மூண்டு கப்பலும் தபாலும் நின்றன. எல்லாம் ஓய்ந்தபின் ஊரில் மற்றவர்கள் சைகோனுக்குக் கடிதம் எழுதினார்கள், பதிலும் வந்தது. நாங்கள் பேரையும் ஊரையும் மட்டும் எழுதிப் போட்டோம். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. எத்தனையோ பேரிடம் விசாரித்தோம்... ஒன்றும் தெரியவில்லை. அவர் இருந்தாரா, செத்தாரா என்று தெரியாமலே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

ஒருநாள்கூட அவள் என்னைத் திட்டவில்லை. "நல்லதுக்குத்தானேடி பண்ணே" என்பாள். அவள் நாலு அடி அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது பேரன் பாரிஸிலிருந்து லொகேஷன் அனுப்புகிறான். அவன் வீட்டு வாசலே ஃபோனில் தெரிகிறது. பேத்தி, "சைகோன் காட்டட்டுமா ஆயா?" என்கிறாள். எந்தத் தெருவைக் காட்டச் சொல்வது?

அலமாரி இன்னும் இருக்கிறது. வருகிறவர்கள் தடவிப் பார்த்து, "இன்னா பாட்டி, புதுசா பாலிஷ் போட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். சின்ன வயதில் நான் போட்டது என்பேன். கதவை மட்டும் திறந்து காட்டுவதில்லை.