டப்பாவில் அவருக்கும் பங்கு

இன்று தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அடுத்த வாரம் எனக்கு முதல் கீமோ.

காத்திருந்தபோது, காட்டாங்குளத்தூரில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் படிவத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நம்ம குடல்ல இருக்கற பாக்டீரியா சில பொருள் தயாரிக்குது. அது கேன்சரை எதிர்க்க உதவுமான்னு பார்க்கறோம். மோஷன் சாம்பிள் குடுப்பீங்களா?"

"குடுத்தா எனக்குச் சரியாயிடுமா?"

"அப்படிச் சொல்ல முடியாது ஆன்ட்டி. இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு."

பொய் சொல்லாத பெண். சம்மதித்தேன்.

படிவத்தைப் பார்த்துக் கேட்டாள். "வீட்ல உங்களோட யார் சாப்பிடுவாங்க?"

"டிவிதான்."

அவள் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குக் குடல் பாக்டீரியாவும் ஓரளவு ஒத்துப்போகும், அதனால்தான் கேட்கிறோம் என்றாள்.

என் வீட்டுக்காரர் தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவார். எச்சில் பார்க்காமல் மீதியை நான் சாப்பிடுவேன். அவர் போய் இரண்டு வருஷமாகிறது.

"அப்போ அவரோடது இன்னும் எனக்குள்ள இருக்குமா?"

எழுதுவதை நிறுத்தினாள். "இருக்கலாம் ஆன்ட்டி. உறுதியா தெரியாது."

ஒரு சின்ன டப்பா கொடுத்தாள். நாளை காலை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செம்பாக்கம் வரும்வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

அவருடைய சட்டைகள், கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டேன். இதைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

சிரிப்பு வருகிறவர்கள் கமெண்டில் வந்து சிரியுங்கள். வீட்டில் டிவியைத் தவிர வேறு சத்தமே இல்லை.